பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டும் முன்: சுவரும் தரையும் காட்டும் கோளாறுகள், சரிசெய்யும் வழிகள்

டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கிவிட்டால் யாருக்கும் பொறுமை இருக்காது. வீட்டுக்காரருக்கு நிறத்தைச் சுவரில் பார்த்துவிட வேண்டும், கொத்தனாருக்கு அடுத்த வேலை காத்திருக்கும். அந்த அவசரத்தில் விட்டுப்போவது ஒரு நாள் வேலைதான்: வெறும் சுவரையும் வெறும் தரையையும் தட்டி, நனைத்து, அளந்து பார்ப்பது. ஒட்டிய பிறகு டைல்ஸ் கழன்றாலோ, கதவோரம் தண்ணீர் நின்றாலோ, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் படர்ந்தாலோ எல்லோரும் முதலில் டைல்ஸைத் திட்டுவார்கள், அடுத்து பசையைத் திட்டுவார்கள். நான் உடைத்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் கோளாறு அவற்றுக்குப் பின்னால்தான் இருந்தது. ஒட்டும் முன்பே அது கண்ணுக்கோ காதுக்கோ தெரிந்திருக்கும், பார்க்கத்தான் ஆள் இல்லை.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்கள் பாத்ரூமில் தெரிவது எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம். ஆனால் வேலையின் வரிசை மாறக் கூடாது: குழாய்ச் சோதனை, சுவர்ப் பூச்சு, தரை வாட்டம் (தண்ணீர் ஓடுவதற்கான சரிவு), நீர்க்காப்புப் பூச்சு, தண்ணீர் கட்டிப் பார்ப்பது, அப்புறம்தான் டைல்ஸ். பின்கட்டத்தில் ஒரு கோளாறு தெரிந்தால், அதற்கு மருந்து பெரும்பாலும் முன்கட்டத்தில் இருக்கும்.

கையில் வேண்டியவை: 2 மீட்டர் நீளத்தில் வளையாத அலுமினியப் பட்டை, ரசமட்டம், தூக்குக்குண்டு, டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற குழாய்), மூலைமட்டம், டார்ச் விளக்கு, சாக்பீஸ், ஒரு வாளி தண்ணீர்.

தட்டினால் சுவர் பொக்கென்று சத்தம் போடுகிறது

கரணையைத் திருப்பி அதன் மரப்பிடியால் தட்டுங்கள். ஒரு சாண் இடைவெளியில், மேலிருந்து கீழாக, வரிசை தவறாமல். நன்றாகப் பிடித்திருக்கும் பூச்சு 'டக்' என்று கல்லைத் தட்டியது போலக் கேட்கும், பிடி கையில் லேசாக உதைக்கும். பிடிக்காத இடத்தில் 'டொப்' என்று அட்டைப்பெட்டியைத் தட்டிய சத்தம், கையில் உதைப்பும் வராது. இரண்டும் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். சுவர் முழுக்க முடித்துவிட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தால், கோடுகளே காரணத்தைச் சொல்லிவிடும். நீளமாகச் செங்குத்தாகப் போனால் குழாய்க்காக வெட்டிய காடி. அதை அடைத்தவர் ஆழத்தை ஒரே தடவையில் நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார். தூணின் மேலும் உத்தரத்தின் மேலும் மட்டும் பொக்கு என்றால் கான்கிரீட்டைக் கொத்தாமல் வழவழப்பின் மேலேயே பூசியிருக்கிறார்கள். சுவர் முழுக்க அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தால் செங்கலை நனைக்காமல் பூசியது. காய்ந்த செங்கல் கலவையின் தண்ணீரை உறிஞ்சிவிடும், சிமெண்ட் இறுகத் தண்ணீர் மிஞ்சாது.

உள்ளங்கையை விடப் பெரிய பொக்கு எதையும் குளிக்கும் பகுதியில் நான் விடுவதில்லை. 10 மி.மீ. கனமுள்ள விட்ரிஃபைடு டைல்ஸ் சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் வரும், அதற்கு மேல் பசையின் எடை வேறு. இத்தனையையும் அந்தப் பூச்சுதான் தாங்க வேண்டும். பசை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அது பூச்சைத்தான் பிடித்துக்கொள்ளும், பூச்சைச் செங்கலோடு சேர்த்துக் கட்டாது.

கோட்டுக்கு ஓரிரு விரல் வெளியே கிரைண்டரால் நேர்க்கோட்டில் வெட்டி, செங்கல் தெரியும் வரை எடுத்துவிடுங்கள். ஓரம் சாய்வாக மெலிந்துபோகாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். தூசியைத் துடைத்து, நனைத்து, நனைத்த நீர் மேலே மினுங்காத நிலைக்கு வந்த பிறகு சிமெண்ட் பால் அடித்து, அது காய்வதற்குள் கலவை வையுங்கள். 15 மி.மீ.க்கு மேல் கனம் தேவைப்பட்டால் இரண்டு தடவையாக. முதல் பூச்சில் கோடு கீறிவிட்டு, அது இறுகிய பிறகு அடுத்தது. குழாய்க் காடி என்றால் இரண்டு பக்கமும் ஒரு சாண் படியும்படி கம்பி வலை வைத்துப் பூச வேண்டும். பூசிய இடத்தைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைத்திருங்கள்.

சாக்பீஸ் கோடுகள் சுவரில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் ஒட்டுப்போட வேண்டாம், முழுச் சுவரையும் உரித்துவிடுங்கள். சொல்லும்போது கசக்கும்தான். ஆனால் பத்து ஒட்டு போட்ட சுவரை மட்டத்துக்குக் கொண்டுவருவது, புதிதாகப் பூசுவதை விடப் பெரிய வேலை.

தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்கிறது, அல்லது தெளித்த கணமே காணாமல் போகிறது

விரலை நனைத்துச் சுவரில் உதறுங்கள். துளி மெல்லப் பரவி, ஒரு நிமிடம் போலக் கழித்து கறுத்த புள்ளியாக உள்ளே போனால் சுவர் சரி.

உருண்டு நின்றால் மேலே ஏதோ படலம் இருக்கிறது. கான்கிரீட்டில் அது பலகை அடைப்புக்குப் பூசிய எண்ணெயாகவோ, ஈரம் போகாமல் இருக்கத் தெளித்த ரசாயனமாகவோ இருக்கும். பூச்சுச் சுவரில், கொத்தனார் அழகுக்காக வெறும் சிமெண்டைப் போட்டு வழவழவென்று தேய்த்திருப்பார். டைல்ஸ் வரப்போகும் சுவருக்கு அந்த அழகு தேவையே இல்லை. மணியாஸ் கட்டையால் தேய்த்த சொரசொரப்போடு விட்டாலே போதும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஏற்கெனவே வழவழப்பாகிவிட்டதென்றால், கிரைண்டரில் தேய்த்தோ உளியால் நெருக்கமாகக் கொத்தியோ படலத்தை எடுத்துவிட்டு மறுபடி துளியை உதறிப் பாருங்கள். எண்ணெய்க் கறையைச் சோப்புத் தண்ணீரால் கழுவினால் மேலே போனதுபோல் தெரியும், கான்கிரீட்டின் துளைகளுக்குள் இருப்பது அப்படியே இருக்கும். அதனால் கொத்திவிடுவதுதான் நிச்சயம்.

துளி விழுந்த கணமே மறைந்தால் சுவருக்குத் தாகம் அதிகம். பசையில் இருக்கும் தண்ணீரையும் அது இதே வேகத்தில் குடித்துவிடும். பசை தூளாகக் காய்ந்து நிற்கும். ப்ரைமர் ஒரு கை அடிக்கலாம். சிமெண்ட் வகைப் பசை என்றால், ஒட்டும் முன் ஈர ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டாலும் நடக்கும். சுவர் கறுத்திருக்க வேண்டும், பளபளக்கக் கூடாது.

கையால் தடவினால் மணல் உதிர்கிறது

ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தி ஒரு கீறல் போடுங்கள். வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் பயமில்லை, மேலே தூசி, கம்பி பிரஷ் போதும். முனை உள்ளே இறங்கி வாய்க்கால் வெட்டினால் அந்தப் பூச்சுக்கு உயிர் இல்லை. பூசிய மறுநாளே தண்ணீர் காட்டாமல் விட்டிருப்பார்கள், அல்லது இறுகத் தொடங்கிய பழைய கலவையில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து மறுபடி பூசியிருப்பார்கள். இதற்கு ப்ரைமர் அடித்தால் மேல்தோல் மட்டும் கெட்டியாகும். டைல்ஸ் ஒட்டிய பிறகு அந்தத் தோலோடு சேர்ந்தே வெளியே வரும். உதிரும் ஆழம் வரை எடுத்துவிடத்தான் வேண்டும்.

தரையிலும் இதே கதை உண்டு. தண்ணீர் அதிகமான கலவையைப் போட்டுத் தேய்த்தால், சிமெண்ட் பால் மேலே மிதந்து வந்து மெல்லிய ஏடாக இறுகும். கரணை நுனியால் சுரண்டினால் அந்த ஏடு செதில் செதிலாக வரும். கிரைண்டரால் முழுக்கத் தேய்த்து, உள்ளே மணல் துகள்கள் கண்ணுக்குத் தெரியும்படி ஆக்கிவிடுங்கள்.

வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது

உப்பு. செங்கலிலோ மணலிலோ கலவைத் தண்ணீரிலோ இருந்தது, ஈரத்தோடு சேர்ந்து மேலே வந்து, ஈரம் போனதும் தங்கிவிட்டது. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவத் தோன்றும். கழுவினால் கரைந்து மறுபடி உள்ளே போய், அடுத்த வாரம் திரும்ப வரும். காய்ந்த பிரஷால் தேய்த்து, கீழே விழுந்ததை அள்ளி வெளியே கொட்டுங்கள். பிறகு சுவரில் தேதியைக் குறித்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். திரும்ப வரவில்லை என்றால், அது கட்டும்போது ஏறிய ஈரம், தீர்ந்துவிட்டது. வந்தால் எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது: வெளிச்சுவர் விரிசல், தரையிலிருந்து ஏறும் ஈரம், அல்லது கசியும் குழாய். அதை அடைக்காமல் நீர்க்காப்புப் பூச்சு அடித்தால், உப்பு அந்தப் பூச்சையே பின்னாலிருந்து தள்ளிவிடும்.

வாரக்கணக்கில் ஆகியும் சுவரோ தரையோ காயவில்லை

கண்ணால் பார்த்து ஈரத்தை முடிவு செய்ய முடியாது. அரை மீட்டர் சதுரத்துக்குக் கெட்டியான பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரத்தையும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்டி மூடுங்கள். மறுநாள், அதாவது 16 மணி நேரத்துக்குக் குறையாமல், பிரித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் வியர்த்திருந்தாலோ, அதற்குக் கீழே தரை கறுத்திருந்தாலோ உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. புதுக் கான்கிரீட்டுக்கும் தரைக் கலவைக்கும் 28 நாள், சுவர்ப் பூச்சுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரம் என்று ஒதுக்குவது இதற்காகத்தான். இன்னொரு காரணமும் உண்டு. சிமெண்ட் காயும்போது சுருங்கும். சுருங்கி முடிப்பதற்குள் டைல்ஸை ஒட்டினால், சுருங்காத டைல்ஸும் சுருங்கும் சுவரும் ஒன்றையொன்று இழுக்கும்.

விரிசல் தெரிகிறது

எல்லா விரிசலும் ஒன்றல்ல. சிலந்தி வலை போல முடி அளவில் பரவியிருப்பது காய்ந்து சுருங்கியது. தட்டிப் பார்த்து பொக்கு இல்லை என்றால் அதை அப்படியே விடலாம், நீர்க்காப்புப் பூச்சு மூடிவிடும்.

தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக மேலிருந்து கீழே ஓடும் விரிசல் வேறு. வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு பொருளும் வெவ்வேறு அளவில் நீளும், சுருங்கும். அங்கே பூச்சை ஒன்றரைச் சாண் அகலத்துக்கு எடுத்து, இரண்டு பக்கமும் சமமாகப் படியும்படி கம்பி வலையை ஆணி அடித்து நிறுத்திப் பூச வேண்டும்.

விரிசல் இன்னும் வளர்கிறதா என்று தெரியவில்லையா? அதன் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சில வாரத்தில் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால், டைல்ஸ் வேலையை நிறுத்திவைத்துக் கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய நேரம். தரை விரிசலில் விரலை ஓட்டும்போது ஒரு பக்கம் மேடாகவும் மறுபக்கம் பள்ளமாகவும் தட்டுப்பட்டாலும் அப்படியே.

பட்டை வைத்தால் இடையில் வெளிச்சம் தெரிகிறது

2 மீட்டர் பட்டையைச் சுவரில் குறுக்கே, நெடுக்கே, மூலைவிட்டமாக வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி கூடாது. டைல்ஸ் பெரிதாக ஆக ஆக இந்தக் கணக்கு கண்டிப்பாகும். சின்ன டைல்ஸ் சுவரின் வளைவோடு வளைந்து போய்விடும். 600 மி.மீ. நீள டைலுக்கு வளையத் தெரியாது, அதன் முனை பக்கத்து டைலை விட்டு எழுந்து நிற்கும்.

மேட்டைச் செதுக்குவதா, பள்ளத்தை நிரப்புவதா? முதலில் மேட்டைப் பாருங்கள். ஒரே ஒரு மேட்டுக்காகச் சுவர் முழுக்க நிரப்பிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அரை மணி நேரம் கிரைண்டர் பிடித்தால் முடிந்திருக்கும். சில மி.மீ. பள்ளத்துக்குப் பாலிமர் கலந்த சாந்து, அதற்கு மேல் என்றால் மட்டத்துக்கு அடையாளமாகச் சுவரில் கலவைப் பொட்டு வைத்து, நூல் பிடித்து, ஒழுங்காக ஒரு பூச்சு. பசையையே கெட்டியாக வைத்துச் சமாளிக்கலாம் என்று கொத்தனார் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மெல்லிய படலமாக வேலை செய்யத்தான் அதைத் தயாரித்திருக்கிறார்கள். கனமாக வைத்தால் காயும்போது சுருங்கி, காலையில் மட்டமாக நின்ற டைல் மாலையில் உள்ளே போயிருக்கும். டைலின் முதுகில் ஐந்து பொட்டு பசை வைத்து அமுக்கும் வழக்கம் இன்னும் மோசம். பொட்டுகளுக்கு நடுவே வெற்றிடம், அதில் தண்ணீர் தேங்கும், ஒரு நாள் ஆணி அடிக்கும்போது டைல் உடையும்.

தூக்குக்குண்டையும் விட்டுப் பாருங்கள். சுவர் மட்டமாக இருந்தும் சாய்ந்திருக்கலாம். மூலையில் கடைசியாக வரும் வெட்டு டைல், மேலே இரண்டு விரல், கீழே ஒரு விரல் என்று சாய்வைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மூலை சதுரமாக இல்லை

ஒரு சுவரில் 90 செ.மீ., அடுத்த சுவரில் 120 செ.மீ. குறித்து, இரண்டுக்கும் இடையே குறுக்காக அளந்தால் 150 செ.மீ. வர வேண்டும். எல்லா மூலைக்கும் பார்த்த பிறகு, அறையின் இரண்டு மூலைவிட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில மி.மீ. வித்தியாசத்தைக் கதவுக்குப் பின்னால் வரும் சுவர் பக்கம் தள்ளிவிடலாம், யார் கண்ணுக்கும் படாது. அதற்கு மேல் என்றால் ஒரு சுவரின் பூச்சைக் கனப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

மிக்ஸர் உடல் உள்ளே புதைந்திருக்கிறது, அல்லது துருத்துகிறது

சுவருக்குள் போகும் மிக்ஸரின் (சுடுநீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் குழாய்) மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அதில் குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு கோடுகள். முடிந்த டைல்ஸின் முகம் அந்த இரண்டுக்கும் நடுவே வர வேண்டும். கணக்கு இதுதான்: பூச்சு 12 முதல் 15 மி.மீ., பசை 3 முதல் 5, டைல் 8 முதல் 10. வெறும் செங்கலிலிருந்து டைலின் முகம் வரை சுமார் 23 முதல் 30 மி.மீ. பிளம்பர் பூச்சை மட்டும் கணக்கில் எடுத்துப் பொருத்திவிட்டுப் போவது சகஜம். இப்போது காடியை வெட்டி மாற்றுவது ஒரு மணி நேர வேலை, ஒட்டிய பிறகு கைப்பிடி தட்டே உட்காராது.

குழாய்களின் அழுத்தச் சோதனை முடிந்ததா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். முனைகளை அடைத்து, அழுத்த மானி பொருத்தி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் முதலில் லேசாக விரியும், அதனால் முள் கொஞ்சம் இறங்குவது கசிவு இல்லை. மறுபடி ஏற்றிவிட்ட பிறகு முள் அசையாமல் நின்றால் சரி. தொடர்ந்து இறங்கிக்கொண்டே இருந்தால் எந்தச் சுவரையும் மூடக் கூடாது.

தரையில் ஊற்றிய தண்ணீர் ட்ராப்புக்குப் போகவில்லை

இதில் நானே மாட்டிக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். என் வீட்டுப் பாத்ரூம். தரைக் கலவை போட்டு முடித்து, டியூப் லெவலில் நானே அளந்தேன், நான்கு மூலையிலிருந்தும் வாட்டம் அழகாக இருந்தது. ட்ராப்பின் வாய், அதாவது தரைத் தண்ணீர் வடிகாலுக்குள் இறங்கும் இடம், கலவையின் மட்டத்துக்குச் சற்று மேலே நின்றது. டைல்ஸ் வந்தால் சமமாகிவிடும் என்று பிளம்பர் சொன்னார், நானும் தலையாட்டினேன். அவர் மனக்கணக்கில் வைத்திருந்தது கனமான டைல், சாந்தின் மேல் பதிப்பது. நான் வாங்கியிருந்ததோ மெல்லிய டைல், பசையில் ஒட்டுவது. ஒட்டி முடித்த அன்று மாலை வாளித் தண்ணீரைக் கொட்டினேன். நான்கு பக்கமிருந்தும் ஓடி வந்த தண்ணீர், ஜல்லடைக்கு ஒரு விரல் தள்ளி வளையமாக நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை. நான்கு டைலை உடைத்தோம், ட்ராப்பைக் கீழே இறக்கினோம், நீர்க்காப்பை மறுபடி செய்தோம். உடைத்த டைலைவிட, அறுத்த நீர்க்காப்புதான் அதிகம் வலித்தது.

அதனால் முதல் கேள்வி: ட்ராப்பின் ஜல்லடை உட்காரும் மட்டம் எது? நீங்கள் வாங்கிய டைல் ஒன்றைக் கையில் எடுத்து, ட்ராப் ஓரத்தில் 5 மி.மீ. குச்சி மேல் வைத்துப் பாருங்கள். ஜல்லடை டைலின் முகத்தை விட ஒரு மயிரிழை கீழே இருக்க வேண்டும், மேலே இருக்கவே கூடாது.

இரண்டாவது, வாட்டம். பொதுவாக மீட்டருக்கு 10 முதல் 15 மி.மீ., ஷவருக்கு நேர் கீழே 15 முதல் 20. ட்ராப்பிலிருந்து மிகத் தொலைவான மூலை 1.8 மீட்டர் என்று வையுங்கள். மீட்டருக்கு 12 என்றால் அந்த மூலை 22 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். இந்த எண்ணைச் சுவரில் எழுதிவைத்துவிட்டு டியூப் லெவலில் சரிபாருங்கள். அதே கையோடு கதவுப் பக்கமும் பாருங்கள். டைல் ஒட்டிய பிறகு பாத்ரூம் தரையின் கதவோர மட்டம், வெளி அறையின் தரையை விட 12 மி.மீ.யாவது இறங்கியிருக்க வேண்டும்.

மூன்றாவது, பள்ளங்கள். மொத்த வாட்டம் சரியாக இருந்தும் நடுவில் தட்டு போலக் குழி இருக்கும். ஒவ்வொரு மூலையிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, போகும் வழியைப் பாருங்கள். கால் மணி நேரம் கழித்தும் ஈரம் மினுங்கும் இடங்களைச் சாக்பீஸால் சுற்றுங்கள். ஒரு கோலிக்குண்டு இருந்தால் உருட்டியும் பார்க்கலாம், தண்ணீர் தயங்கும் இடத்தில் அதுவும் தயங்கும்.

சரிசெய்வது எப்படி? சின்னக் குழிக்குப் பாலிமர் சாந்து. வாட்டமே தலைகீழாக இருந்தால் மேலே இன்னொரு தளக் கலவை போட வேண்டும். அதற்குக் குறைந்தது 25 மி.மீ. கனம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் அது பழைய தரையைப் பிடிக்காமல் பாளமாக எழும். அவ்வளவு உயரம் கதவுப் பக்கம் கிடைக்காது என்றால், உள்ளதை உடைத்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி. ஒன்றுக்கு மூன்று அல்லது நான்கு என்ற சிமெண்ட் மணல் விகிதம், பிடித்தால் உருண்டையாக நிற்கும் பதம், அடியில் சிமெண்ட் பால். ஈரக் கலவையின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பதை மட்டும் தடுத்துவிடுங்கள், பிறகு ஏடாக உரிவது அதுதான்.

பெரிய டைல்ஸ் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நான்கு பக்கமிருந்தும் நடுவுக்கு வாட்டம் என்றால், டைலை மூலைவிட்டமாக வெட்டாமல் படுக்க வைக்க முடியாது. வெட்டுவது பிடிக்காவிட்டால், ஒரு சுவரோரம் நீள வடிகால் வைத்து ஒரே திசையில் வாட்டம் கொடுக்கலாம். கலவை போட்ட பிறகு மனம் மாறிப் பயனில்லை.

நீர்க்காப்புப் பூச்சு தோலாக உரிகிறது

நகத்தால் ஓரத்தைக் கிளப்பிப் பாருங்கள். உரிந்த தோலின் பின்பக்கம் தூசி படிந்திருந்தால் துடைக்காமல் அடித்தது. பின்பக்கம் ஈரமாக இருந்தால் காயாத தரையில் அடித்தது. சுத்தமாக, வழவழப்பாக வந்தால் அடித்தளத்திலேயே படலம் இருக்கிறது. எப்படியானாலும் உரியும் இடம் முழுவதையும் எடுத்துவிட்டு, காரணத்தைத் தீர்த்துவிட்டு அடிக்க வேண்டும். மேலே இன்னொரு கை அடிப்பது கதைக்கு ஆகாது.

அடிக்கும்போது, தரையும் சுவரும் சேரும் மூலையில் முதலில் விரல் பருமனுக்குக் கலவையைச் சாய்வாகத் தேய்த்து, மேலே வலைப்பட்டை பதித்துக்கொள்ளுங்கள். ட்ராப்பைச் சுற்றியும், சுவரிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் அதே கவனம். கசிவு பெரும்பாலும் இந்த ஓரங்களில்தான் தொடங்கும், நடுத்தரையில் அபூர்வம். முதல் கை குறுக்கே, அது காய்ந்த பிறகு இரண்டாவது கை நெடுக்கே. இரண்டுக்கும் வேறு நிறம் கிடைத்தால் விட்ட இடம் உடனே தெரியும். சுவர்களில் ஒரு முழ உயரம், ஷவர் பகுதியில் ஆள் உயரத்துக்கு, அதாவது 1.8 மீட்டருக்குக் குறையாமல். காய்ந்த பிறகு ஏணியையும் ஆணி துருத்திய செருப்பையும் உள்ளே விடாதீர்கள்.

கட்டி வைத்த தண்ணீர் குறைகிறது

நீர்க்காப்பு காய்வதற்குப் பொதியில் சொன்ன நாட்கள் முடிந்ததும், ட்ராப்பை அடைத்து, கதவில் சின்ன வரப்பு கட்டி, உயரமான மூலையிலும் 25 மி.மீ. நிற்கும்படி தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் குளம் கட்ட வேண்டாம். 50 மி.மீ. தண்ணீரே சதுர மீட்டருக்கு 50 கிலோ. சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்திலேயே, அதே அறையில், ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அதிலும் கோடு போடுங்கள். இந்தப் பாத்திரத்தை யாரும் வைப்பதில்லை, அப்புறம் தண்ணீர் ஆவியானதா கசிந்ததா என்று சண்டை.

ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள். பாத்திரமும் தரையும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவிதான். தரை கூடுதலாக இறங்கியிருந்தால் அடுத்த கேள்வி, எங்கே வந்து நின்றது? தண்ணீர் ஒரு மட்டம் வரை வேகமாக இறங்கி அங்கேயே நின்றுவிட்டால், ஓட்டை அந்த மட்டத்தில், சுவரோரத்தில் எங்கோ இருக்கிறது. நீர்க்கோடு தொடும் இடத்தைச் சுற்றி அங்குலம் அங்குலமாகப் பாருங்கள், பெரும்பாலும் மூலையிலோ கதவு நிலையின் அடியிலோ இருக்கும். நிற்காமல் முழுவதும் வடிந்தால் ட்ராப் பக்கம். அடைப்பே கசிகிறதா என்பதை முதலில் ஒதுக்குங்கள். வேறு எந்த வடிகாலும் ஓடாத நேரத்தில் வெளித் தொட்டிக்குப் போய், அந்தக் குழாய் வாயில் சொட்டு வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அடைப்பு சரி, தண்ணீர் மட்டும் போகிறது என்றால் ட்ராப்பும் தளமும் சேரும் வளையம்.

தரையில் தண்ணீர் குறையவே இல்லை, ஆனால் கீழே கூரையில் ஈரம்? அப்போது நீர்க்காப்பைக் குறை சொல்லாதீர்கள். வரும் குழாயின் வால்வை மூடிவிட்டு ஒரு நாள் பாருங்கள். ஈரம் நின்றால் சுவருக்குள் குழாய் கசிகிறது.

தளத்தைத் தாழ்த்தி, நடுவில் நிரப்பி மேலே எழுப்பிய பாத்ரூம் என்றால் இந்தச் சோதனையை இரண்டு தடவை செய்யுங்கள். நிரப்பும் முன் கீழ்த்தளத்தில் ஒரு தடவை, நிரப்பி வாட்டம் போட்ட பிறகு மேலே ஒரு தடவை. நிரப்பும்போது ஒவ்வொரு அடுக்காகக் கெட்டித்துப் போடாவிட்டால் பின்னால் தரை அமுங்கி, எல்லாக் கணக்கும் வீணாகும்.

சுவரில் பெயிண்ட், பட்டி அல்லது ஜிப்சம் இருக்கிறது

பெயிண்டும் பட்டியும் முழுக்கச் சுரண்டி எடுக்கப்பட வேண்டும், விவாதமே இல்லை. பட்டி ஈரத்தில் மாவாகிவிடும். ஜிப்சம் பூச்சு குளிக்கும் அறைக்கே ஆகாது. ஈரத்தில் அதுவும் சிமெண்ட் பசையும் சேர்ந்தால் அந்த இடத்தில் ஒரு புது உப்பு உருவாகி, உப்பி, டைலைத் தள்ளும். பச்சை நிற ஜிப்சம் பலகை ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. பலகைச் சுவர்தான் வேண்டும் என்றால் ஷவர் பகுதிக்குச் சிமெண்ட் பலகை. இணைப்புகளில் வலைப்பட்டை ஒட்டி நிரப்பி, மேலே நீர்க்காப்பு.

எல்லாம் சரி, ஆனாலும் சந்தேகம்

ஒட்டும் நாள் காலையில் சுவரையும் தரையையும் ஈர ஸ்பாஞ்சால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள். இரவில் படிந்த தூசியே பசைக்குப் பகை. டைலின் முதுகில் இருக்கும் வெள்ளைப் பொடியையும் துடையுங்கள். விட்ரிஃபைடு டைல் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது, பாலிமர் பசை வேண்டும். அதை ஊறவைக்கவும் தேவையில்லை.

பல் கரணையால் பசையை ஒரே திசையில் இழுத்து, முதல் டைலை ஒட்டி அமுக்கி, உடனே பிய்த்து முதுகைப் பாருங்கள். ஈரப் பகுதியில் முதுகின் 95 சதவீதமாவது பசை பிடித்திருக்க வேண்டும். வரிவரியாக மட்டும் பிடித்திருந்தால் பற்கள் சின்னது, அல்லது போதுமான அளவு அமுக்கவில்லை. பசை சுவரிலேயே நின்று டைலின் முதுகு பளிச்சென்று இருந்தால், ஒட்டுவதற்குள் பசையின் மேல் ஆடை படிந்துவிட்டது, ஒரே நேரத்தில் குறைந்த பரப்புக்கு இழுங்கள். ஓரங்களில் நன்றாகப் பிடித்து நடுவில் மட்டும் வெறுமையா? டைலைக் கீழே வைத்துவிட்டு 2 மீட்டர் பட்டையை மறுபடி எடுங்கள். அந்த இடத்தில் சுவர் குழிந்திருக்கிறது.